மெக்சிகோ நகரத் தள்ளுவண்டிகளில் உண்பது எப்படி?

மெக்சிகோ நகரின் தெருவோர வண்டிகளில் எதை உண்ணலாம் என்பதைப் பெரும்பாலும் கடிகாரமே தீர்மானிக்கிறது. காலையில் மெட்ரோ நிலையங்களின் வாசலில், சோள மாவைச் சோளத் தோகையில் பொதிந்து அவித்த தமால் ஆவி பறக்கக் கிடைக்கும். அதை ரொட்டிக்குள் வைத்துத் தரும் ‘குவாஹோலோத்தா’வை அத்தோலே என்னும் சோளக் கஞ்சியோடு உண்டவருக்கு மதியம் வரை பசி தெரியாது. டார்ட்டியா என்னும் மெல்லிய சோள ரொட்டியில் இறைச்சி போன்றவற்றை வைத்துத் தருவது டாக்கோ. செங்குத்துக் கம்பியில் பன்றி இறைச்சி சுழலும் ‘அல் பஸ்தோர்’ டாக்கோவுக்கு உரிய நேரம் மாலையும் இரவும்தான்.

லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாவிலிருந்து பிறந்தது இந்த அல் பஸ்தோர். செந்நிறம் தரும் அச்சியோத்தே விதையும் உலர்ந்த மிளகாயும் அரைத்த விழுதில் ஊறிய இறைச்சி செம்மண் நிறத்தில் தீயருகே சுழல, கடைக்காரர் கருகிய ஓரத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி, உள்ளங்கையளவு டார்ட்டியாவில் ஏந்திக்கொள்வார்; பின் உச்சியில் செருகியிருக்கும் அன்னாசியைக் கத்தி நுனியால் சுண்டி அதே டார்ட்டியாவில் பிடிப்பார். முன்பே வெட்டிக் குவித்துவிட்ட இறைச்சியை எடுத்து வைக்கும் வண்டியானால், அடுத்த வண்டிக்குச் சென்றுவிடுவதே நல்லது.

கூட்டம் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். உணவு அங்கே தேங்குவதில்லை. காசு வாங்கும் கையும் உணவைத் தொடும் கையும் வேறாக இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். தட்டின் மீது பிளாஸ்டிக் பை மாட்டித் தருவதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம்: கழுவ நீர்வசதி இல்லாத இடத்தில் ஒவ்வொருவருக்கும் பையை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

முதலில் இரண்டு டாக்கோ மட்டும் கேளுங்கள். ‘கோன் தோதோ’ என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்தே வரும். சுவாதேரோ என்பது மாட்டிறைச்சி, லெங்குவா என்பது நாக்கு, திரிப்பா என்பது குடல். இறைச்சி உண்ணாதவர்கள் பூசணிப்பூ அல்லது சோளக் கதிரில் வளரும் கருநிறப் பூஞ்சையான ஹுயித்லகோச்சே வைத்து மடித்த டார்ட்டியாவான கேசதியாவைக் கேட்கலாம். இந்நகரில் ‘கோன் கேசோ’ என்று சொல்லாவிட்டால் அதில் பாலாடைக்கட்டி இல்லாமலும் போகலாம். அவரையிலும் தமாலிலும் பன்றிக் கொழுப்பு சேர்வது வழக்கமாதலால், ‘யேவா மந்தேகா?’ என்று கேட்டுவிடுவது பாதுகாப்பு.

காரம் பழகிய நாக்கு என்ற துணிவில் சல்சா என்னும் மிளகாய்ச் சட்னியைத் தாராளமாக ஊற்றுவதுதான் நம்மவர்கள் செய்யக்கூடிய பிழை. பச்சை சல்சா சிவப்பைவிடச் சாந்தமானது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பல வண்டிகளில் நிலைமை நேர்மாறு. ஆபனேரோ மிளகாய் சேர்ந்த கிண்ணமோ பழ வாசனையால் ஏமாற்றிவிட்டுப் பிறகுதான் எரிக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சுவைத்த பின்னரே மேற்கொண்டு ஊற்றுங்கள். எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு, முழங்கையை உயர்த்தி, உடலை முன்சாய்த்துக் கடித்தால் சாறு சட்டையில் சிந்தாமல் தட்டில் விழும்.

பணம் பெரும்பாலும் உண்டு முடித்த பிறகுதான். எத்தனை உண்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள் என்பதால் எண்ணிக்கையை நினைவில் வைத்திருங்கள். 500 பெசோ தாளை நீட்டாமல் சில்லறையாகக் கொடுங்கள். புறப்படும்போது அருகில் உண்பவர்களிடம் ‘புரோவேச்சோ’ (நன்றாக உண்ணுங்கள்) என்று சொல்லிச் செல்வது அங்குள்ள மரியாதை.