வினாக்கொத்தோடு வன்னிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகளோடு சில வருடங்களாக ஊர் ஊராகப் போய் வருகிறேன். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு, சில வேளை வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். இடப்பெயர்வு, அகதிகள், நீதி என்று தலைப்பு இருக்கும். கெட்ட எண்ணத்தோடு வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனாலும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றின் பாரம், கதிரை போட்டு "இருங்கோ பிள்ளை" என்று சொன்ன வீட்டுக்காரரின் தலையில்தான் விழுகிறது.

முதலில் சொல்லைப் பற்றி. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனப்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டு எல்லைக்கு வெளியே இருப்பவரே அகதி. மன்னார்க் கரையில் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் பதிந்தவர் அந்த வகை. 1995இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளாலிக் கடனீரேரி கடந்து வன்னிக்கு வந்தவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அண்ணன் அகதி, தங்கை இடம்பெயர்ந்தவர் என்று ஒரே குடும்பம் பிரிந்து கிடப்பது இங்கே புதினமில்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கு உலகளாவிய சாசனம் கிடையாது. 1998இன் வழிகாட்டிக் கோட்பாடுகள் இருக்கின்றன, ஆனால் அவை அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஆய்வேட்டில் இந்த வேறுபாட்டை ஒழுங்காக எழுதுங்கள். ஆனால் "அகதியாய்த் திரிஞ்சம்" என்று சொல்லும் ஐயாவை இடையில் மறித்துத் திருத்தாதீர்கள். அவர் சொல்வது சட்டத்தை அல்ல, தன் வாழ்க்கையை.

அரசாங்கக் கோப்பில் உள்ள சொல்லை அப்படியே தூக்கி வைப்பது இதைவிடப் பெரிய பிழை. செட்டிகுளத்தில், போரிலிருந்து வெளியேறியவர்கள் வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் "நலன்புரி நிலையம்" என்று எழுதப்பட்டது. 2009இல் அங்கே மாதக்கணக்காக வெளியே போக விடாமல் வைக்கப்பட்டவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும். "மீள்குடியேற்றம்" என்பதும் அப்படித்தான். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது கடைசியாக ஏற்றி இறக்கப்பட்டவர்கள் கேப்பாப்புலவு மக்கள். அவர்களுடைய காணியில் படைமுகாம் இருந்தது, அதனால் வேறோர் இடத்தில் இறக்கி விட்டார்கள். 2017இல் அவர்கள் தெருவோரம் இருந்து கேட்டது சொந்தக் காணியைத்தான். "மீள்குடியேறிய குடும்பங்கள்" என்ற எண்ணிக்கையை எங்காவது பார்த்தால், எந்த வளவுக்குள் குடியேறினார்கள் என்று கேளுங்கள்.

புள்ளிவிவரம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: வன்னித் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சி இல்லை, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. இதைக் கவனிக்காமல் போட்ட அட்டவணைகளை நான் கண்டிருக்கிறேன்.

இனி, என் மனதை அதிகம் உறுத்துகிற விஷயம். வந்து இருந்த பத்தாவது நிமிடத்தில் "2009இல் என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்பது.

அந்த அம்மா இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. பிறகு காணாமற்போனோரை விசாரிக்கும் ஆணைக்குழு, அதன்பின் காணாமற்போனோர் அலுவலகம், இடையில் தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைக்காரர். ஒவ்வொரு முறையும் படிவம், ஒவ்வொரு முறையும் அழுகை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கிய, காணாமற்போனோரின் தாய்மார், சொல்லிச் சொல்லிக் களைத்த பிறகுதான் அங்கே வந்து இருந்தார்கள். "இதையும் எழுதிப்போட்டு என்ன செய்யப்போறியள், பிள்ளை?" என்று ஒரு தாய் கேட்டபோது, கூட வந்த மாணவியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஏற்கெனவே பதிவானதை முதலில் வாசித்துவிட்டு வாருங்கள். அப்புறம் வேறு கேள்வி தானாக வரும். தறப்பாளுக்குக் கீழே அரிசியை எப்படிப் பங்கிட்டீர்கள்? எதை எடுத்துப் போவது, எதைத் தாட்டு வைப்பது என்று யார் முடிவெடுத்தது? திரும்பி வந்தபோது கிணறு எப்படி இருந்தது? எல்லை தெரியாத காணியை எப்படி அடையாளம் கண்டீர்கள்? இப்படிக் கேட்டால் அவர் முடிவெடுத்த மனிதராகப் பேசுவார். துயரத்தைச் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். அந்த நேரம் பேசாமல் கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் நிறுத்துங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாள்களில் கையெழுத்து வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர். பேனாவைக் கண்டதும் பேச்சு சுருங்கிவிடும். வாய்மொழிச் சம்மதம் பெற நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நீங்கள் போன பின் "யார் வந்தது, என்ன கேட்டது?" என்று ஆட்கள் வந்து விசாரித்த வீடுகளும் உண்டு. ஆகவே முகம், வீட்டு வாசல், இடக்குறிப்பு எதுவும் கைபேசியில் தங்கக் கூடாது.

விதானை (கிராம அலுவலர்) காட்டிய நாலு வீட்டோடு திரும்புவதும் வழக்கம். ஏ9 வீதிக்குக் கிட்ட இருக்கிற, நன்றாகக் கதைக்கிற அதே நாலு வீடு. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களும், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல வருடம் கழித்து முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் அந்த ஆய்வில் வரமாட்டார்கள். இடப்பெயர்வில் நீதி பற்றி எழுதிவிட்டு அவர்களை விட்டால் அது பாதி ஆய்வுதான்.

இன்னொன்று, வன்னியை உலகப் பிரச்சினை ஒன்றின் வெறும் உதாரணமாகப் பார்ப்பது. உலகில் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் 2024 முடிவில் 12 கோடியே 32 இலட்சம் என்று ஐ.நா. அகதிகள் முகவரகம் கணக்கிட்டது. அதில் 7 கோடியே 35 இலட்சம் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். அதே வருடம் டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு, 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. அந்தக் கரைக்கு! ஊர் மக்கள் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். இலங்கை 1951 சாசனத்தில் கையெழுத்திடவில்லை, ஆனால் சித்திரவதைக்கு எதிரான சாசனத்தில் 1994இல் சேர்ந்தது. சித்திரவதை நடக்கும் என்று நம்பக் காரணமுள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் 3ஆம் உறுப்புரை. உலக நீதி பற்றிப் படிக்கிற பிள்ளைகள் முள்ளிவாய்க்கால் மீனவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாமே. மற்றவருக்கு என்ன கடமை என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

கடைசியாக, திரும்பி வராமல் விடுவது. ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலகத்தில் இருக்கும், ஊருக்கு ஒரு தாளும் வராது. ஒரு மாணவி மட்டும் இரண்டு பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, அந்தக் குடும்பம் இருந்த இடங்களைக் கிளிநொச்சியிலிருந்து மாத்தளன் வரை வரிசையாக வாசித்துக் காட்டினாள். அம்மா நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார். "தருமபுரத்தில இருந்தது ரெண்டு மாசமில்லை பிள்ளை, இருபது நாள். விசுவமடுவிலதான் கூட." அவள் அந்த இடத்திலேயே வெட்டித் திருத்தினாள். திருத்திய தாளை அம்மா வாங்கி, காணி அனுமதிப்பத்திரம் இருந்த பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டார்.