வைனோ தாளத்தில் ஜாஸ் கிட்டார்: தொடங்குவோருக்கான செய்முறை

பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைப்பகுதிகளில் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் வைனோ ஒலிக்கும். 2/4 தாளத்தில் அமைந்த ஆட்டப் பாட்டு அது. பெருவின் அயாகூச்சோவில் பிறந்த ரவுல் கார்சியா சாராத்தே (1931–2017) அதைத் தனிக் கிட்டாரில் வாசித்துக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். ஜாஸ் படித்த கிட்டார்காரர்கள் அதில் கைவைக்கும்போது பெரும்பாலும் ஸ்கேலிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் தாளமும் மெட்டும்தான். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

ஏ மைனர், சி, எஃப், ஈ7 ஆகிய நான்கு கார்டுகளும் மைனர் பெண்டடானிக்கும் கைவந்திருந்தால் போதும். நைலான் கம்பிக் கிட்டார் இருந்தால் நல்லது. எலக்ட்ரிக் கிட்டார்தான் இருக்கிறதென்றால் டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசியுங்கள்.

1. வலது கை

வாயால் சொல்லிப் பாருங்கள்: தா–தக, தா–தக. ‘தா’ அரைத் தட்டு. ‘த’, ‘க’ ஒவ்வொன்றும் கால் தட்டு. மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். ஏ மைனரைப் பிடித்து, ‘தா’வுக்குக் கட்டைவிரலால் 5-வது கம்பியைத் தட்டுங்கள். ‘த’வுக்குச் சுட்டுவிரலால் 3, 2, 1 கம்பிகளைக் கீழ்நோக்கியும், ‘க’வுக்கு அதே விரலால் மேல்நோக்கியும் வருடுங்கள். இரண்டாவது தட்டில் கட்டைவிரல் 6-வது கம்பிக்குப் போகட்டும். கை சீரானதும் 80, பிறகு 100.

இங்கே இரண்டு தவறுகள் வரும். ஒன்று, கணக்குப் பிசகாமல் வாசித்து அணிவகுப்பு இசையாக்கிவிடுவது. ஆண்டீஸ் கலைஞர்கள் ‘தா’வைச் சற்றே சுருக்குவார்கள். மூன்று ஒலிகளும் திஸ்ரத்தை (ஒரு தட்டில் சமமான மூன்று ஒலிகள்) நெருங்கும், ஆனால் திஸ்ரமாகவே ஆகிவிடாது. இதைக் காதால்தான் பிடிக்க முடியும். கார்சியா சாராத்தேயின் பதிவு ஒன்றைப் போட்டு அதோடு சேர்ந்து தொடையில் தட்டிப் பழகுங்கள். மற்றது ஜாஸ் ஸ்விங். ‘த’, ‘க’ இரண்டையும் நீளம்–குட்டையாக இழுத்தால் ஆடுபவரின் கால் தரைபடும் இடம் நழுவிவிடும். தட்டுக்கொரு சுரமாக நடக்கும் வாக்கிங் பேஸும் இதே காரணத்தால் இங்கே பொருந்தாது.

2. மெட்டு

மெட்டுக்கு ஏ மைனர் பெண்டடானிக்கின் ஐந்து சுரங்கள் போதும்: ஏ, சி, டி, ஈ, ஜி. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இவை சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்கள். சி-யை ஆதாரமாக எடுத்தால் அதே ஐந்தும் மோகனம். வைனோ இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது: ஒரு வாக்கியம் சி-யில் இளைப்பாறும், அடுத்தது ஏ-யில் இறங்கி முடியும். இந்த இரண்டு இறக்கங்களும்தான் மெட்டின் உயிர்.

பயிற்சிக்காக ஒரு சிறு மெட்டு. வரியின் தொடக்கத்தில் இருப்பது கார்டு. முதல் எண் கம்பி, இரண்டாவது எண் ஃப்ரெட். | குறி தட்டுகளைப் பிரிக்கிறது. மூன்று சுரங்கள் உள்ள தட்டு தா–தக. இரண்டு உள்ளது அரை, அரை.

எஃப்: 1/5 1/3 1/5 | 1/3 1/0
சி: 1/0 2/3 1/0 | 2/1
ஈ7: 1/3 1/0 1/3 | 1/0 2/3
ஏ மைனர்: 2/3 2/1 2/3 | 3/2 | 3/2 நீட்டிப்பு

எண்ணிப் பாருங்கள், மொத்தம் 9 தட்டுகள். கடைசியில் ஒரு தட்டு கூடுதலாக வருவது வைனோவில் சாதாரணம். மூச்சுவிடும் இடம் அது. நான்கு நான்காக எண்ணிப் பழகியவர்கள் அதைத் தம்மையறியாமல் விழுங்கிவிடுவார்கள். லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள், சுற்றின் நீளத்தைத் தானாகச் சரிசெய்யும் குவாண்டைஸ் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது 8 தட்டில் வெட்டிவிடும். லூப்பர் இல்லையா? 80 வேகத்தில் கார்டுகளை மட்டும் பத்துச் சுற்று கைபேசியில் பதிவு செய்துகொண்டு, அதன்மேல் மெட்டை வாசியுங்கள்.

3. கார்டுகளுக்கு நிறம்

சேர்க்கும் சுரம் அந்த ஐந்துக்குள் இருந்தால் மெட்டு குலையாது. ஏ மைனர் 7 (ஜி சேர்கிறது), சி 6 (ஏ சேர்கிறது), எஃப் மேஜர் 7 (ஈ சேர்கிறது) மூன்றும் பத்திரமானவை. சி மேஜர் 7 வேண்டாம். அதில் வரும் பி ஐந்துக்கு வெளியே இருப்பதால் சி-யின் இறக்கம் மழுங்கி, ஹோட்டல் வரவேற்பறை இசைபோல ஆகிவிடும்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். மெட்டில் ஜி, அடியில் ஈ7-க்குள் ஜி ஷார்ப். இரண்டும் உரசும். மலைநாட்டுப் பாடகர்கள் இந்த உரசலைத் திருத்துவதில்லை, நீங்களும் திருத்த வேண்டாம். ஜாஸில் இதற்கென்றே ஒரு கார்டு இருக்கிறது: ஈ7 ஷார்ப் 9. ஜி ஷார்ப்பும் ஜி-யும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. பிடிக்கும் இடம்: 5/7, 4/6, 3/7, 2/8. 1-வது, 6-வது கம்பிகளை வாசிக்க வேண்டாம். இரண்டு மரபுகளும் வலுக்கட்டாயம் இல்லாமல் சேரும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

பழகிய பிறகு அதே வரியின் முதல் தட்டில் பி மைனர் 7 ஃப்ளாட் 5 (5/2, 4/3, 3/2, 2/3), இரண்டாவதில் ஈ7 என்று பிரிக்கலாம். சி வரியில் இப்படி எதையும் நுழைக்காதீர்கள். அங்கே கார்டு ஓடினால் இளைப்பாற இடமே இருக்காது.

4. இம்ப்ரொவைசேஷன்

முதல் சுற்றில் மெட்டை அப்படியே வாசியுங்கள். இரண்டாவதில் சுரங்களை மாற்றாமல் தாளத்தை மட்டும் மாற்றுங்கள்: ஒரு ‘தா’வை விட்டுவிட்டு ‘தக’விலிருந்து தொடங்கலாம், ஒரு சுரத்தை அடுத்த தட்டு வரை இழுக்கலாம். மூன்றாவதில் எஃப், ஈ7 வரிகளுக்கு உங்கள் சொந்த வாக்கியங்கள். சி-யிலும் ஏ-யிலும் இறங்கும் இடங்கள் மட்டும் மாறக்கூடாது. இந்த மூன்றும் தடுமாறாமல் வந்த பிறகே குரோமாடிக் சுரங்கள், அதாவது ஐந்துக்கு வெளியே உள்ள இடைச்சுரங்கள். அவற்றை ‘த’ அல்லது ‘க’வில் மட்டும் வைத்து, அடுத்த ‘தா’வில் ஐந்தில் ஒன்றில் இறங்குங்கள். உதாரணமாக, ‘க’வில் 3/1 (ஜி ஷார்ப்), உடனே ‘தா’வில் 3/2 (ஏ).

எல்லோரும் விழும் பள்ளம் ப்ளூஸ். ப்ளூஸிலும் இதே பெண்டடானிக் என்பதால் விரல் தானாகக் கம்பியை வளைக்கும், ஈ ஃப்ளாட்டைத் தேடும். இரண்டையும் கொஞ்ச காலம் அடியோடு நிறுத்துங்கள். பதிலாக, மேலிருந்தோ கீழிருந்தோ ஒரு சிறு தொடுசுரம். 2/3-ஐ வாசிக்கும் முன் 2/1-ஐத் தொட்டு ஹேமர்-ஆன் செய்யுங்கள் (மறுபடி மீட்டாமல் இடது கை விரலால் தட்டியே அடுத்த சுரத்தை எழுப்புவது). தொடுசுரம் ‘க’ அளவுக்கு நீண்டாலே தாளம் பின்தங்கும், நறுக்கென்று இருக்கட்டும்.

5. சிக்குவிடமிருந்து ஒன்று

சிக்கு என்ற மூங்கில் குழல் வரிசை இரண்டு பாதிகளாக வரும்: ஈரா, ஆர்கா. வழக்கமாக 6 குழல், 7 குழல். சுரங்கள் இரண்டுக்கும் பிரிந்திருப்பதால் ஒரே மெட்டை இருவர் மாறி மாறி ஊதித்தான் முழுமையாக்க முடியும். ஒரு குழலின் ஒலி அடங்குமுன் அடுத்தது எழும்.

கிட்டாரில் இதைக் கொண்டுவர, அடுத்தடுத்த சுரங்களை வெவ்வேறு கம்பிகளில் வையுங்கள்: 1/0, 2/3, 3/5, 4/7. ஈ, டி, சி, ஏ என இறங்கும் இந்த நான்கும் ஒன்றின்மேல் ஒன்று ஒலித்துக் கரைய வேண்டும். சுட்டுவிரல் 3-வது ஃப்ரெட்டிலும் மோதிரவிரல் 5-லும் சுண்டுவிரல் 7-லும். விரலைச் சீக்கிரம் எடுத்தாலும், 2-வது கம்பியைப் பிடிக்கும் விரல் 1-வது கம்பியில் உரசினாலும் ஒலி அறுந்துபோகும். கை எட்டாவிட்டால் 5-வது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போட்டுக்கொண்டு இதே வடிவத்தை அங்கிருந்து எண்ணி வாசியுங்கள். இடைவெளி குறையும், சுருதி மட்டும் ஏறும். கேப்போ அங்கே இருக்கும்போது 4 முதல் 1 வரையான கம்பிகள் ஜி, சி, ஈ, ஏ ஆகின்றன. ஆண்டீஸின் சிறு கம்பி வாத்தியமான சாராங்கோவின் நான்கு ஜோடிக் கம்பிகளின் பெயர்களும் அவையே. அதில் ஐந்தாவதாக இன்னொரு ஈ உண்டு.

6. முடிப்பு

வைனோவின் கடைசியில் ஃபுகா என்ற விரைவான பகுதி வரும். 90-ல் வாசித்துக்கொண்டிருந்தால் 105-க்கு ஏற்றுங்கள். இம்ப்ரொவைசேஷனை இங்கே நிறுத்திவிட்டு, சி, ஏ மைனர் இரண்டு கார்டுகளுக்குள் நான்கு தட்டு நீளமுள்ள ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றாமல் ஒரே தட்டில் மாற்ற வேண்டும். உடன் வாசிப்பவருக்கு அடையாளம் வேண்டும் என்பதால், முந்தைய சுற்றின் ஒன்பதாவது தட்டில் கார்டை அமுக்கி ஒலியை நிறுத்திவிட்டு, அடுத்த ‘தா’வைப் புது வேகத்தில் எடுங்கள்.