ஆசையில்லாமல் எழுந்த கிளர்ச்சி: காரணம் கண்டறிந்த என் அனுபவம்

மனத்தில் எந்த ஆசையும் இல்லாதபோதே பிறப்புறுப்பில் துடிப்பும் குறுகுறுப்பும் மணிக்கணக்கில் நீடித்ததை, நாற்பது வயதைக் கடந்த நான் ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. முதல் மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்றார். இரண்டாமவர் மனப்பதற்றம் என்றார். இது நீடித்த பிறப்புறுப்புக் கிளர்ச்சிக் கோளாறு (PGAD), இதை 2001-ஆம் ஆண்டிலேயே சான்ட்ரா லீப்ளம், ஷாரன் நேதன் என்ற ஆய்வாளர்கள் விவரித்துவிட்டனர் என்று மூன்றாவது மருத்துவர் சொன்னபோது, என் துன்பத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறதே என்று அழுதுவிட்டேன்.

உட்கார்ந்தால் கூடுகிறதா, மனச்சோர்வு மாத்திரையை அண்மையில் நிறுத்தினீர்களா என்று அவர் பொறுமையாகக் கேட்டார். உட்கார்ந்தால் கூடியது, நின்றால் தணிந்தது. முதுகெலும்பின் அடியில் நரம்புவேர்களை அழுத்தும் டார்லோவ் நீர்க்கட்டி உண்டா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார், இல்லை. பிறகு பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பின் அடிப்பகுதியைத் தாங்கும் இடுப்புத்தளத் தசையை விரலால் மெல்ல அழுத்தியபோது, வலப்பக்கம் ஓரிடத்தில் அதே துடிப்பு அப்படியே எழுந்தது. இறுகிய தசை, பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பை உறுத்துகிறது என்றார்.

நானாகச் செய்துவந்த, தசையை இறுக்கும் கெகல் பயிற்சி நிலைமையை மோசமாக்கியிருந்தது. அதை நிறுத்தி, இடுப்புத்தளப் பிசியோதெரபியில் வயிறு விரிய மூச்சிழுத்துத் தசையைத் தளர்த்தப் பழகினேன். ஒருமுறை நரம்பில் மரப்பு ஊசியும் போட்டார்கள். ஐந்தாம் மாதம், ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிந்தது. இப்போதும் சில நாட்களில் லேசாகத் தலைகாட்டுகிறது. மூச்சுப் பயிற்சியில் அடங்கிவிடுகிறது.