பன்னிரண்டு வீடு, ஒரு போர்வை: பழந்துணியில் கூட்டாகத் தைப்பது எப்படி?

"வீடு என்றதும் மனதில் என்ன வருகிறதோ அதைத் தையுங்கள்" என்று சொல்லிப் பன்னிரண்டு பேர் கையில் துணியைக் கொடுத்துப் பாருங்கள். எட்டுப் பேராவது முக்கோணக் கூரை, பக்கத்தில் ஒரு தென்னை, மேலே சூரியன் என்று தைத்துக் கொண்டுவருவார்கள். எங்கள் தெருவில் முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் யாருடைய வீடும் அதில் இல்லை. இரண்டாம் தடவை கேள்வியை மாற்றினோம், துணியையும் மாற்றினோம். அந்தப் போர்வை உருவான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தையல் மிஷின் வேண்டாம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்தால் இரண்டு மாதம் பிடிக்கும்.

முதலில் துணி

கடையில் புதுத்துணி வாங்காதீர்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் புழங்கிய ஒரு துணியைக் கொண்டுவர வேண்டும். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்ற போர்வையைத் தைத்தது இப்படித்தான். பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள். சிலி நாட்டில் 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள், சாக்குத்துணியில் துண்டுத்துணிகளை ஒட்டித் தங்கள் தெருவையும் வீட்டையும் தைத்தார்கள். காணாமல் போனவர்களின் சட்டைத்துணியையே சிலர் அதில் வைத்துத் தைத்தார்கள். அந்தத் தையல்களுக்கு அர்ப்பியேரா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சாக்குத்துணிதான். துணி தன் கதையோடு வருகிறது, நாம் அதற்கு மேல் கொஞ்சம்தான் சேர்க்கிறோம்.

எங்களுக்கு வந்தவை: ஈரிழைத் துண்டு, கைலி, தூளி கட்டிய நூல் சேலை, பள்ளிச் சீருடைப் பாவாடை, கிழிந்த தலையணை உறை. தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா தன் வண்டிப் பலகைமேல் விரித்திருந்த துணியிலிருந்து ஒரு மூலையை வெட்டிக் கொடுத்தார். அதில் பெட்டியின் மூக்கு பட்டுக் கருகிய பழுப்புத் தடம் ஒன்று. "வேற நல்ல துணி தரட்டுமா?" என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றோம். அந்தத் தடத்தைச் சுற்றி மஞ்சள் நூலால் வரிசை வரிசையாகத் தைத்தார், குத்துவிளக்கின் சுடர்போல் இருந்தது. "ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நான் இருக்கிற எடம் இதுதானே" என்றார்.

சில துணிகளை மட்டும் தவிருங்கள். நைலெக்ஸ் இஸ்திரிச் சூட்டில் சுருங்கிப்போகும். ஜமுக்காளத்தில் ஊசி இறங்காது. நைந்த பட்டு யாராவது கொண்டுவந்தால் மறுக்க வேண்டாம், பின்னால் மல் துணி ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைக்கலாம்.

எல்லாவற்றையும் துவைத்துக் காயவையுங்கள். அப்புறம் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், அதை நம்பிப் பக்கத்துத் துண்டுகளைப் பாழாக்க வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுவதுதான் வழி.

ஒரே அளவு

ஒவ்வொரு துண்டும் 12 அங்குலச் சதுரம். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு அதையே எல்லாருக்கும் அச்சாகக் கொடுங்கள். ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே டெய்லர் சாக்கால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே எதுவும் தைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்த அரை அங்குலம் மடிப்புக்குள் போய்விடும். மற்ற எதிலும் கட்டுப்பாடு வேண்டாம், அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் தைத்த பெரும் போர்வையை 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ தைத்தவை. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி என்று அளவு வைத்திருந்ததால்தான் அவற்றைச் சேர்க்க முடிந்தது.

என்ன தைப்பது?

இதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். ஊசியை எடுக்கவே வேண்டாம், பேசினால் போதும். நாங்கள் கேட்டவை இவை:

விளக்குப் போடாமல் இருட்டில் எந்த இடத்தில் தடுக்காமல் நடப்பீர்கள்? வெளியே போகும்போது சாவியை எங்கே வைப்பீர்கள்? கோபம் வந்தால் எந்த மூலையில் போய் உட்கார்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பிறகு யாரும் தென்னை மரம் தைக்கவில்லை. ஒருவர் மீட்டர் பெட்டியைத் தைத்தார், சாவி அதன் மேல்தான் இருக்குமாம். பதினொரு மாத ஒப்பந்தத்திலேயே வாழ்ந்து பழகிய ஒரு தம்பி ஏழு ஜன்னல் கம்பி வடிவங்களைத் தைத்தான், ஏழு வாடகை வீடுகள்.

பெண்களிடம் வேறொரு சிக்கல் வந்தது. "எந்த வீட்டைத் தைக்கிறது, அம்மா வீட்டையா, இங்கேயா?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று மொழியே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும்போது இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். எங்களில் ஒரு பாட்டி இரண்டையும் விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே ஓடிய பஸ்ஸைத் தைத்தார். அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரம் மட்டும்தான் தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார். எல்லாத் துண்டுகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தையல்

எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும். மூன்று இழையைப் பிரித்தெடுங்கள். ஒரு முழத்துக்கு மேல் நீளமாக வெட்டாதீர்கள், சிக்கிக்கொள்ளும். இரண்டு தையல் தெரிந்தால் போதும்: ஊசியை மேலும் கீழுமாக விட்டு ஓட்டும் ஓட்டுத்தையல், கோடுகளுக்கு வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டே போகும் சங்கிலித்தையல். படத்தைச் சாக்கால் வரைந்துகொண்டு அதன்மேல் தையுங்கள். துணி சுருங்கினால் நூலை இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்தவர் தையலைப் பிரித்துச் சரிசெய்யாதீர்கள். நான் ஒருமுறை ஒரு சிறுமியின் கோணல் சங்கிலியை அவள் இல்லாதபோது நேராக்கிவிட்டேன். அடுத்த வாரம் அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்ல" என்றாள். அதைப் பிரித்துப் பழையபடி கோணலாகத் தைக்க என்னால் முடியவில்லை.

சேர்ப்பது

பன்னிரண்டு துண்டுகளையும் தரையில் விரித்து, மூன்றுக்கு நான்காக வைத்துப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். மூன்று மூன்றாக நல்ல பக்கங்களைச் சேர்த்து வைத்துக் கோட்டின்மேல் தைத்தால் நான்கு வரிசை கிடைக்கும். ஒரு வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் இஸ்திரி போட்டு விடுங்கள். வரிசைகளை ஒட்டும்போது மூலைகளில் முண்டு விழாது. முடிந்ததும் 34 அங்குலத்துக்கு 45 அங்குலம் இருக்கும்.

இனி அடுக்கு. ஒரு பழைய நூல் புடவையிலிருந்து அடித்துணியை 36-க்கு 47 அங்குலமாகவும், நடுவில் வைக்க இரண்டு துண்டுகளை 34-க்கு 45 அங்குலமாகவும் வெட்டுங்கள். ஒரு புடவையே தாராளமாகப் போதும். அடித்துணியை விரித்து, நடுத்துணிகளையும் அவற்றின்மேல் தைத்த துணியையும் வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும்.

இப்போது எல்லாரும் பாயில் சுற்றி உட்கார வேண்டிய நேரம். இரண்டு விரல் இடைவெளியில் வரிசையாக ஓட்டுத்தையல், நான்கு அடுக்கையும் ஊசி தாண்டி வர வேண்டும். இங்கே எங்கள் விதி ஒன்று: தன் துண்டில் தான் ஓட்டக் கூடாது, அடுத்தவர் துண்டில்தான் ஓட்ட வேண்டும். இஸ்திரி அக்காவின் கருகிய தடத்தில் நான் ஓட்டினேன். அவர் பாட்டியின் பஸ்ஸில் ஓட்டினார். முதல் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை, அடுத்தவர் துணியில் ஊசி ஏற்றும் கூச்சம். அப்புறம் "இது என்ன, இது ஏன் இங்கே இருக்கு?" என்று ஆரம்பித்த பேச்சு இருட்டும்வரை நிற்கவில்லை.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துணியை இரண்டாக மடித்து முன்பக்கம் கொண்டுவந்து ஹெம்மிங் செய்தால் ஓரம் முடிந்தது. தற்காலிகத் தையல்களைப் பிரித்துவிடுங்கள். பின்பக்கம் ஒரு மூலையில் எல்லார் பெயரையும் அவரவர் கையாலேயே தையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் விரும்பும் ஒரு குறி போதும்.

எங்கே வைப்பது?

எங்கள் போர்வை ஒரு வீட்டில் ஒரு மாதம் என்று சுற்றுகிறது. சிலர் போர்த்துகிறார்கள், சிலர் சுவரில் மாட்டுகிறார்கள், பஸ் பாட்டி மடியில் விரித்துக்கொண்டு டீ குடிக்கிறார். உள்ளே வைப்பதானால் வசம்பைத் துணியில் முடிந்து கூடவே போடுங்கள், பூச்சி வராது. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் மடியுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் முதலில் நைந்துவிடும். எங்கேயாவது பிரிந்தால், அந்த மாதம் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களே தைத்துவிட வேண்டும், கையில் கிடைக்கும் நூலால்.