மூலத்துக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் சித்தப்பா மீன் ஏலத்துக்காக விடியற்காலையிலேயே எழுந்து போகிறவர். மலத்தோடு ரத்தம் போவதை ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் அடங்கிவிடும் என்று இருந்துவிட்டார். ஒருநாள் ஏலம் நடக்கும் இடத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 7 தான், அவ்வளவு ரத்தசோகை. சித்தியிடம்கூடச் சொல்ல வெட்கம் அவருக்கு. இந்த வெட்கம்தான் முதல் தவறு, எல்லாவற்றையும்விடப் பெரியதும் அதுதான்.

ரத்தம் வந்தாலே மூலம் என்று நாமே முடிவு செய்வது அடுத்தது. உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இல்லாமல், பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். மலம் போகும்போது கத்தியால் கிழிப்பதுபோல் வலித்தால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். சீழ் கசிந்தால் பௌத்திரமாக, அதாவது ஆசனவாய்ப் பக்கம் உருவாகும் புரைக்குழாயாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயும் இதே ரத்தத்தோடு தொடங்கக்கூடும். அதனால் 45 வயதைத் தாண்டியவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர்கள் எல்லாம் கொலனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சித்தப்பா அடுத்துப் போனது சுவரொட்டி பார்த்து. ‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம் குணம்’ என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டியிருப்பார்களே, அதுதான். ஒரு ஊசி போட்டு ஏதோ மருந்தும் தடவினார்கள். பத்து நாள் அவரால் உட்கார முடியவில்லை. தகுதியுள்ள மருத்துவர் மூலத்தைச் சுருக்கப் போடும் ஊசி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் என்ன மருந்தென்றே தெரியாத இந்த ஊசிகள் சதையை எரித்துப் புண்ணாக்கும். புண் ஆறும்போது ஆசனவாயே சுருங்கிப் போவதும் உண்டு. பிறகு அதற்குத் தனி ஆபரேஷன். தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

சரி, நல்ல அறுவை சிகிச்சை மருத்துவரிடமே போகிறோம். அங்கேயும் ‘எனக்கு லேசர்தான் வேணும்’ என்று உட்காருவது தவறு. சிகிச்சையைத் தீர்மானிப்பது மூலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. சதை வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாவது. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாவது. தள்ளினாலும் போகாவிட்டால் நான்காவது. முதல் இரண்டு நிலைகளில் பலருக்கு உணவும் மருந்துமே போதும். போதாவிட்டால் மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் பேண்ட் போடுவார்கள். வலி தெரியாத பகுதியில் போடுவதால் மயக்க மருந்துகூட வேண்டாம். ரத்த ஓட்டம் நின்று, சுமார் ஒரு வாரத்தில் சதை உதிர்ந்துவிடும். இதிலேயே சரியாகக்கூடியவர் லேசருக்குப் பெரிய தொகை கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

லேசரில் மெல்லிய ஃபைபரை மூலத்துக்குள் செலுத்தி உள்ளிருந்தே சுருக்குகிறார்கள். இரண்டாம், மூன்றாம் நிலைக்கு ஏற்றது. வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் வெட்டி எடுக்கும் பழைய ஆபரேஷனைவிட மூலம் திரும்ப வரும் வாய்ப்பு இதில் அதிகம். ஸ்டேப்ளர் முறை சதையை மேலே இழுத்துப் பொருத்தும், ஆனால் வெளிமூலத்துக்கு அது தீர்வாகாது. நான்காம் நிலையில் பலருக்குப் பழைய ஆபரேஷன்தான் நல்லது. எனக்கு எந்த நிலை, ஏன் இந்த முறை, திரும்ப வந்தால் என்ன செய்வோம் என்று மூன்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்புறம் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. ‘மோஷன் போனால் வலிக்குமே’ என்று பயந்து சித்தப்பா இரண்டு நாள் ரொட்டியும் காபியுமாகவே ஓட்டினார். மூன்றாம் நாள் மலம் கல்லாக இறுகி, அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. பட்டினி வேண்டாம். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகு எல்லாம் சாப்பிடுங்கள். மலத்தை இளக்கும் நார்ப்பொடியான இசப்கோல் கொடுத்திருந்தால் நிறையத் தண்ணீரோடு குடியுங்கள், தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தை இறுக்கும். இளஞ்சூடான நீர் ஊற்றிய டப்பில் தினம் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கழிவறைக்குள் செல்போன் வேண்டாம், முக்கவும் வேண்டாம். ‘லேசர்தானே’ என்று மறுநாளே மீன்கூடை தூக்கவும் கூடாது.

சில நாள் லேசாக ரத்தம் கசிவது வழக்கம்தான். ரப்பர் பேண்ட் போட்டவர்களுக்கு ஒன்று இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். ஆனால் ரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிட்டு, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.