குமிழியைத் திட்டும் முன் சுவரைப் பாருங்கள்

போன மாதம் ஒரு புதியவர் தன் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். திரவ உலோகம், அதில் ஆர்கான் குமிழிகள், குறுக்கே காந்தப்புலம். பல வருடங்களுக்கு முன்னால் நான் போட்ட அதே கணக்கு, அதே தவறோடு. இந்த மாதிரிக் கணக்கிலும் சோதனையிலும் வழக்கமாக வரும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காலியம் அலுமினியத்தை அரிக்கும் என்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

உப்புநீரில் ஒத்திகை பார்ப்பது

வேண்டாம். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். திரவ உலோகமான காலியம்-இண்டியம்-வெள்ளீயக் கலவைக்கு அதுவே சுமார் 33 லட்சம்.

சுவரை மறப்பது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான். புலத்துக்குக் குறுக்கே திரவம் ஓடினால் அதில் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டமே ஓட்டத்துக்குத் தடையாகிறது. ஆனால் மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். எந்த வழியாக? இதை யாரும் கேட்பதில்லை. சுவர் மின்கடத்தாதது என்றால், சுவரை ஒட்டிய மெல்லிய ஹார்ட்மன் அடுக்குக்குள் நெருக்கியடித்துத் திரும்ப வேண்டும். மின்தடை அதிகம், மின்னோட்டம் குறைவு, அழுத்த இழப்பும் குறைவு. சுவர் எஃகு என்றால் அதற்குள்ளேயே சுலபமாகத் திரும்பிவிடும். இழப்பு எகிறும்.

குழாயின் பாதி அகலம் 2 செ.மீ., புலம் 1 டெஸ்லா என்று வையுங்கள். காந்த விசை பாகுத்தன்மையை எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் ஹார்ட்மன் எண், மேலே சொன்ன கலவைக்கு 800-ஐ நெருங்கும். சுவர் 2 மி.மீ. துருப்பிடிக்கா எஃகு என்றால், மின்கடத்தாச் சுவரைவிட இழப்பு ஏறக்குறைய 30 மடங்கு. ஹார்ட்மன் 1937-இல் வெளியிட்ட சூத்திரம் மின்கடத்தாச் சுவருக்கானது. அதைத்தான் நான் எஃகுக் குழாய்க்குப் போட்டு, பம்பும் வாங்கிவிட்டேன்.

திரவம் நகரவே மாட்டேன் என்றது. நான் வாயுவைக் குற்றம் சொன்னேன். வாயுவைச் செலுத்தும் ஊசியை மாற்றினேன், வாயுவைக் குறைத்தேன், அப்புறம் கணக்கில் வாயுப் பின்னத்தை, அதாவது கன அளவில் வாயுவின் பங்கை, இஷ்டத்துக்குத் திருத்தினேன். கணக்கு அளவீட்டோடு பொருந்தியும்விட்டது, அதுதான் கொடுமை. வாயுவை மூடிவிட்டு வெறும் திரவத்தை ஓட்டிப் பார்க்கும் யோசனை மூன்றாவது மாதம்தான் வந்தது. அரை நாள் வேலை. குமிழியே இல்லாதபோதும் அதே இழப்பு!

இன்னொன்றும் இருக்கிறது. எஃகைத் திரவம் முதல் நாளே நன்றாக நனைப்பதில்லை. ஆக்சைடு படலம் இடையில் புகுந்து தொடுமின்தடையைக் கூட்டும். போகப் போக நனையும், இழப்பும் ஏறும். முதல் வார அளவீட்டை மட்டும் நம்பினால் மறுபடியும் குமிழி மேல்தான் பழி விழும்.

வாயுவைக் கழித்தால் போதும் என்று நினைப்பது

30 சதவீதம் வாயு என்றால் கடத்துதிறன் 70 சதவீதமாகும் என்று எழுதிவிடுகிறார்கள். மின்னோட்டம் குமிழிகளைச் சுற்றி வளைந்து போக வேண்டும். சீராகப் பரவிய சிறு கோளக் குமிழிகளுக்கு மாக்ஸ்வெல் சூத்திரம் சுமார் 61 சதவீதம் என்கிறது. குமிழிகள் ஒரு பக்கமாகக் கூடிவிட்டால் அந்தச் சூத்திரமும் உதவாது.

காந்தப்புலம் ஓட்டத்தின் கொந்தளிப்பை எப்போதும் அடக்கும் என்று நம்புவது

திசையைப் பொறுத்தது. கிடைமட்டப் புலத்தில் குமிழித் தாரை சில வலிமைகளில் அடங்காமல் ஊசலாடத் தொடங்கும்.

கணினிக் கணக்கில் குமிழியின் பரப்பு

மின்னோட்டம் குமிழிக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் கணக்கை அங்கேயே நிறுத்துங்கள்.