மாரடைப்புக்குப் பின் இதயத் தசையைக் காப்பது எப்படி?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை 20 முதல் 30 நிமிடங்களுக்குள் சாகத் தொடங்குகிறது; செத்த தசை மறுபடி வளராமல் தழும்பாகிவிடுகிறது. ஆகவே நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் அழுத்தமும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும் கண்டால், வாயுப்பிடிப்பு என்று சோடா கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம்.

உடனே 108-ஐ அழையுங்கள். அஞ்செட்டி போன்ற மலைப்பகுதியில் வண்டி வரத் தாமதமாகும் என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளியை நடக்கவிடாமல் கொண்டுசெல்லலாம். 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் வேளை மருந்தை அங்கேயே தருகிறார்கள். இவை கட்டி மேலும் பெருகாமல் தடுக்குமே தவிர, அடைப்பைத் திறந்துவிடாது. அதற்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ, குழாய்க்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ வேண்டும். இரண்டுமே எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு தசை மிஞ்சும். வலி தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எந்தச் சிகிச்சை என்பதை முடிவுசெய்ய அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வீடு திரும்பியபின் தொடங்கும் பாதுகாப்பைத்தான் நம்மில் பலர் கோட்டைவிடுகிறோம். தழும்பான பகுதி சுருங்கி விரியாததால் மிச்சமுள்ள தசை கூடுதலாக உழைக்கிறது. நாளடைவில் இதய அறை விரிந்து, சுவர் மெலிந்து, பம்பு செய்யும் திறன் குறைகிறது. எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் ‘இ.எஃப்.’ என்று இருப்பது அந்தத் திறன்தான்: 55 விழுக்காடும் அதற்கு மேலும் இயல்பு, 40-க்குக் கீழே போனால் இதயம் பலவீனமாகிவிட்டது என்று பொருள். ராமிப்ரில் என்ற மாத்திரை அறை விரிவதைத் தடுக்கிறது. மெட்டோப்ரோலால் என்ற மாத்திரை துடிப்பைத் தணித்து உழைப்பைக் குறைக்கிறது. இவற்றை விழுங்குவதால் உடனே எந்தச் சுகமும் தெரியாது என்பதே இவற்றின் ஆபத்து. பாலக்கோட்டில் இருக்கும் என் தந்தை, உடம்பு நன்றாக இருக்கிறதென்று ஐந்தாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்களில், படுத்தால் மூச்சு முட்டி, மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடியும் என்ற நிலைக்கு வந்தார். ராமிப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் (அடைப்பு நீக்கிய குழாயைத் திறந்தே வைக்கும் வலைக்குழல்) வைத்தவர்கள் ரத்தம் உறையாமைக்கான இரு மாத்திரைகளையும், பல் பிடுங்குவதற்காகக்கூட, மருத்துவரைக் கேட்காமல் விடக் கூடாது, ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும்.

காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையன்று, தேங்கிய நீர். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். நம் ஊர்க் கேழ்வரகுக் களியால் கெடுதல் இல்லை. அதோடு வரும் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமே உப்பைக் கூட்டுகின்றன. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். அது உடம்பில் நீரைத் தேக்கும், மறு மாரடைப்புக்கும் வழிவிடும். பீடியை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, மாரடைப்பு வந்ததைச் சொல்லி இந்த எடை நோட்டையும் காட்டுங்கள்.